நான்கு அஞ்சலட்டைகள்

அஞ்சலகத்தில் விற்கும் அஞ்சலட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 14 செ.மீ.; அகலம் 9 செ.மீ. அதுபோன்ற நான்கு அட்டைகளைத் தரையில் பரப்பினால் எவ்வளவு இடம் ஆகுமோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தில்தான் ஒரு சிறு கார் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதும், மலைவளைவில் திரும்பும்போதும், எருமை ஒன்று குறுக்கே வர நாம் பதறிப் பிரேக்கை மிதிக்கும்போதும், காரையும் அதனுள் இருக்கும் நால்வரையும் பிடித்து நிறுத்துவது அந்த நான்கு அட்டை அளவுள்ள ரப்பரேயன்றி வேறொன்றுமில்லை.

இது கற்பனையன்று, கணக்கு. 1,100 கிலோ எடையுள்ள காரின் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று அடைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அஃதாவது, சதுர செ.மீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது 490 சதுர செ.மீ. இதை நான்காகப் பங்கிட்டால் சக்கரம் ஒன்றுக்கு 122. அஞ்சலட்டையின் பரப்போ 126. டயரின் பக்கச்சுவரும் எடையில் சிறிது தாங்குமாதலால் கணக்கு இம்மியும் பிசகாது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது.

இதை ஈண்டு எழுத நேர்ந்த காரணம் யாதெனின், நம் மன்றத்து நண்பர்கள் சிலர் ஆராய்ச்சி உதவித்தொகையில் மிச்சம் பிடித்தோ, வேலைக்குப் போன முதலாண்டுச் சம்பளத்திலோ, பழைய கார் வாங்கத் தொடங்கியிருக்கின்றனர். அதிலும் சாதுவான காரை அவர்கள் விரும்புவதில்லை. சிறியதாகவும் இருக்க வேண்டும். மிதித்தால் பாயவும் வேண்டும். இந்தப் புணே நகரத்துக்கு அருகில் சாக்கணில் செய்யப்பட்ட வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. அவர்கள் தேடும் வகை. 2013-இல் 1.2 லிட்டர் எஞ்சினும் 105 குதிரைத் திறனும் கொண்டு வந்த அந்தக் காரின் தயாரிப்பு 2022-இல் நின்றுபோயிற்று. ஆதலின் இன்று கிடைப்பவை யாவும் பழையவையே. பழைய காரை விற்பவர் புது டயர் போட்டு விற்பதில்லை என்பது உலகறிந்த செய்தி. எனவே வாங்கியவருக்கு வந்து சேரும் முதற்பெருஞ்செலவு டயர்தான். “விலையும் கைக்கு அடங்க வேண்டும், வண்டியின் துடிப்பும் குறையக் கூடாது, எதை வாங்குவது?” என்று அவர்கள் கேட்கின்றனர். போலோவை வைத்தே பேசுவோம். மற்றச் சிறு கார்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

டயரின் பக்கச்சுவரில் ஒரு வரி பொறித்திருக்கும். முதலில் வந்த போலோ ஜி.டி.யில் அது 185/60 ஆர் 15 84 எச் என்பது. 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு அறுபது, அஃதாவது 111 மி.மீ., என்பதைக் குறிக்கும். ‘ஆர்’ ரேடியல் கட்டமைப்பைக் காட்டும். 15 என்பது உள்ளே பொருந்தும் உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 84 எடைக் குறியீடு. ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்பது பொருள். ‘எச்’ வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. “நம் சாலையில் யார் 210-இல் போகிறார்கள்? ‘டி’ எழுத்துள்ள 190 கிலோமீட்டர் டயர் மலிவாயிற்றே!” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதன்று. எவ்வளவு சூட்டை அந்த உடல் பொறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மே மாதத்து நண்பகலில், நான்கு பேரும் பெட்டிகளும் நிறைந்த காரில், பெல்காம் வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்குச் சூடு அற்ப விஷயமன்று. தயாரிப்பாளர் குறித்த எடைக்கும் எழுத்துக்கும் கீழே இறங்காதீர்கள். மேலே போவதில் தவறில்லை.

இனி, நண்பர்கள் மிகுதியாக ஆசைப்படும் அகலத்துக்கு வருவோம். அகன்ற டயர் போட்டால் கார் மிடுக்காகத் தோன்றும்; அதை மறுப்பார் இல்லை. ஆனால் மேலே போட்ட கணக்கை மீண்டும் பாருங்கள். அதில் டயரின் அகலம் எங்கேயாவது வருகிறதா? எடையும் காற்றழுத்தமுமே வருகின்றன. 185-ஐக் கழற்றிவிட்டு 205 போட்டாலும், காற்று அதே அளவானால், அட்டையின் பரப்பு பெரிதும் மாறாது, வடிவந்தான் மாறும். நீண்டு குறுகியிருந்தது அகன்று குட்டையாகும். காய்ந்த சாலையில் விரைந்து திரும்பும்போது இந்த வடிவம் நன்மை செய்யும். பந்தயக் கார்களின் டயர் அகலமாயிருப்பதற்கு ஒரு காரணம் அது. நீர் தேங்கிய சாலையிலோ நிலைமை தலைகீழ். குறுகிய அட்டை படகின் மூக்கைப் போல் நீரைப் பிளந்து செல்லும். அகன்றது பலகையைப் போல் நீரின் மேல் ஏறிக்கொள்ளும். ஏறிக்கொண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும் கண்டாலா மலைச்சரிவில் ஓட்டுகிறவர்கள் இதை மறத்தலாகாது.

விட்டமும் கவனிக்கத்தக்கது. 185/60 ஆர் 15 டயரின் முழு விட்டம் 603 மி.மீ. 195/55 ஆர் 15 போட்டால் 595 அல்லது 596, ஒன்றேகால் விழுக்காடு குறைவு, பாதகமில்லை. பின்னாளில் வந்த ஜி.டி. கார்களில் நிறுவனமே 195/55 ஆர் 16 பொருத்திற்று. அதன் விட்டம் ஏறக்குறைய 621. பழைய காரில் அதைப் பொருத்தினால் வேகமானி 100 என்று காட்டும்போது கார் 103-இல் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் பெரிய குற்றமன்று. ஆனால் புதிய 16 அங்குல வளையங்கள் நான்கும் வாங்க ஆகும் பணத்தை எண்ணிப் பாருங்கள். அந்தப் பணத்தை அதே 15 அங்குலத்தில் சிறந்த ரப்பருக்குச் செலவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிரேக்கை மிதிக்கும் காலுக்குத் தெரியும். வளையம் பெரிதாகப் பக்கச்சுவர் குட்டையாகும் என்பதும் உண்டு. நம் சாலைக் குழிகளில் விழுந்து டயர் புடைப்பதும் வளையம் நெளிவதும் குட்டைச் சுவருக்கே மிகுதி. என் கருத்து இதுதான்: குறைந்த பணத்தில் விரைவான காருக்கு டயர் தேடுபவர், வண்டியோடு வந்த அளவைவிட்டு நகர வேண்டியதில்லை.

அளவை விட்டுவிட்டால் எஞ்சுவது ரப்பர். சரக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

காரில் நான்கு பேர் மழையில் போகின்றனர், வேகம் 80. முன்னால் போன லாரி திடுமென நின்றது. நல்ல டயருக்கு ஈரச் சாலையில் உராய்வுக் குணகம் 0.5 என்றும், மட்டமான டயருக்கு 0.4 என்றும் வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரந்தான்: வேகத்தின் வர்க்கத்தை, குணகம், புவியீர்ப்பு இவற்றின் பெருக்குத்தொகையைப் போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். முதற்கார் 50 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் 63 மீட்டரில் நிற்கும். “பதின்மூன்று மீட்டர்தானே!” என்று எண்ண வேண்டா. முதற்கார் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் லாரியின் பின்புறம் இருந்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. “ஏ.பி.எஸ். இருக்கிறதே” என்பார் சிலர். அந்தக் கருவி சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ரப்பரில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

ரப்பர் சாலையைப் பிடிப்பது எவ்வாறு? சாலையின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிறைந்தது. ரப்பர் அவற்றுள் அழுந்திப் பின் மீள்கிறது. மென்மையான கலவை உடனே மீள்வதில்லை. சற்றுத் தயங்கி மீள்கிறது. அந்தத் தயக்கத்தில் ஆற்றல் செலவாகிறது. அச்செலவுதான் பிடிப்பு. இதே தயக்கம், கார் சும்மா உருண்டு ஓடும்போதும் ஆற்றலைத் தின்று டயரைச் சூடாக்கிப் பெட்ரோலைக் குடிக்கும். எனவே பிடிப்பும் சிக்கனமும் மாமியாரும் மருமகளும் போலவே நெடுங்காலம் இருந்துவந்தன. 1990-களில் கரிப்பொடிக்குப் பதிலாகச் சிலிகாவைப் பெருமளவில் கலக்கும் முறை பரவியபின் இப்பூசல் ஓரளவு தணிந்தது. 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய பதினைந்து தடவை சுற்றுகிறது. உருளும்போது ரப்பர் அழுந்தி மீள்வதும் அந்தக் கணக்கில்தான். சாலையின் நுண்மேடுகளில் வழுக்கும்போதோ அது வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. சிலிகா கலந்த ரப்பர் மெதுவான அசைவில் குறைவாகவும், விரைவான அதிர்வில் மிகுதியாகவும் ஆற்றலைச் செலவிடுமாறு அமைகிறது. ‘சிலிகா’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதால் மட்டும் டயர் சிறந்ததாகிவிடாது. எவ்வளவு, எப்படிக் கலந்தனர் என்பதை நிறுவனங்கள் சொல்வதில்லை.

சில டயர்களின் சுவரில் ‘ட்ரெட்வேர்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் காணப்படும். இது அமெரிக்க அரசு வகுத்த முறை. எண் 300 ஆனால் விரைவில் தேயும். 500 ஆனால் நெடுநாள் உழைக்கும். மதிப்பெண்ணை இடுபவர் தயாரிப்பாளரே என்பதால் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவது அவ்வளவு சரியன்று. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். மிகப் பெரிய எண்ணைத் தேடி ஓடுவது நம்மவர் வழக்கம். சாதுவான காருக்கு அது தகும். துள்ளுகின்ற காருக்கு நடுத்தர எண்ணே போதும். அதே வரிசையில் ‘ட்ராக்‌ஷன்’ என்று ஓர் எழுத்தும் வரும்: ஏஏ, ஏ, பி, சி. அது ஈரத் தரையில் நேராக நிற்கும் திறனைக் குறிப்பது. பி-யை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டா.

2022-இல் மத்திய அரசு ஈரப்பிடிப்பு, உருள்தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் வரம்பு வகுத்தது. நல்ல காரியம். எனினும் அது தேர்வில் தேறுவதற்கான மதிப்பெண் போன்றது. வகுப்பில் முதல்வன் யார் என்று சொல்லாது. ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஈரப்பிடிப்பை ஏ முதல் ஈ வரை தரம் பிரித்துச் சீட்டு ஒட்டுகின்றனர். அதே பெயருள்ள டயர் அங்கும் விற்கப்பட்டால் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பெயர் ஒன்றாயிருந்தாலும் இங்கே செய்யப்படுவதன் கலவை வேறாக இருக்கக் கூடும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். ஒரு டயர் 5,000 ரூபாய், 50,000 கிலோமீட்டர் உழைக்கும். மற்றொன்று 7,000 ரூபாய், மென்மையானது, 40,000-தான் உழைக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்குக்கும் கணக்கிட்டால் முதலாவது கிலோமீட்டருக்கு 40 காசு. இரண்டாவது 70 காசு. வேறுபாடு 30 காசு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயும், கார் லிட்டருக்குப் 15 கிலோமீட்டரும் என்றால் பெட்ரோலுக்கே கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதனோடு ஒப்பிட்டால் முப்பது காசு இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே தடவையில் 28,000 எடுத்து வைப்பது மாணவனுக்கு எளிதன்று என்பதை நான் அறிவேன். அதனால்தான் வளையம், அகலம், நைட்ரஜன் காற்று முதலிய ஆடம்பரங்களை வெட்டச் சொல்கிறேன். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே! இன்னொரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி முழுவதும் விலையில் இறங்கினால் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு மிச்சம். பழைய விலைப்பட்டியலை நீட்டும் கடையில் இதை நினைவூட்டலாம்.

பெயர்கள் கேட்பீர்கள். பெயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடும். வகையைத் தெரிந்துகொண்டால் போதும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் போன்ற முழுப் பந்தயச் சாயலுள்ளவை பெரும்பாலும் பெரிய விட்டங்களிலேயே வரும். விலையும் நமக்கு எட்டாது. சிக்கனத்துக்கும் நீண்ட உழைப்புக்கும் செய்யப்பட்டவை மறுகோடி. இடையில் இருப்பவையே நமக்கு உரியவை: கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், யோகோஹாமா புளூஎர்த்-ஜிடி, மிஷெலின் பிரைமசி, குட்இயர் ட்ரிப்பிள்மேக்ஸ் போன்றவை. சற்று மலிவில் அப்போலோ அல்னாக், சியட் செக்யூராடிரைவ் என்று தேடலாம். உங்கள் அளவில் எது கிடைக்கிறது என்பதே பாதி முடிவைச் செய்துவிடும். 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் கப்பலில் வந்தவை அரிதாயின. இங்கேயே செய்யப்படுபவற்றில் தேடுவதே உத்தமம். அதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதே எம்.ஆர்.எஃப். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று பெரும் டயர் ஆலைகள் நிற்கின்றன. விடுமுறைக்கு 48-ஆம் நெடுஞ்சாலை வழியே சென்னை போகும் நண்பர், தம் டயரை அதன் பிறந்தகத்துக்கே அழைத்துச் செல்கிறவராகவும் இருக்கலாம்.

கடையில் பணம் கொடுக்குமுன் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. சில மாதம் ஆனதைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாண்டு அடுக்கில் உறங்கியதைத் தள்ளுபடி விலைக்குத் தந்தாலும் வேண்டா என்க; ரப்பர் ஓடாமலே இறுகும். பழைய கார் வாங்கியவர்கள் ஓடும் நான்கையும் ஸ்டெப்னியையும் இப்படிச் சோதிப்பது நலம். பள்ளம் நன்றாயிருக்கிறதே என்று நம்பி, எட்டாண்டு வெயிலில் காய்ந்த டயரோடு மலையேறுவோர் பலர். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். மழைக்காலத்துக்கு அது போதாது, 3 மி.மீ. ஆனதுமே மாற்ற எண்ணுங்கள். தேய்ந்த டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டிப் பளபளப்பு பூசி விற்பதும் உண்டு. அந்தக் கடைப்பக்கமே தலைவைக்க வேண்டா.

பணம் இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால்? போலோ முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார். முன்டயரே முதலில் தேயும். ஆதலால் கடைக்காரர் புதிய இரண்டையும் முன்னால் மாட்டப் போவார். தடுத்து நிறுத்திப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். பின்னால் இருந்த பாதி தேய்ந்ததை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் வளைவில் நேராகப் போக முற்படும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் வழுக்கினால் வால் முன்னே வரக் கார் சுழலும்; அதைத் திருத்தும் கைத்திறம் நம்மில் மிகச் சிலருக்கே உண்டு.

மாட்டியபின் பாலன்சிங்கும் அலைன்மென்டும் செய்துகொள்ளுங்கள். சிறு ரப்பர் வால்வுகளையும் அப்போதே மாற்றிவிடலாம். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். காற்றின் அளவை எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கதவுத் தூணிலோ ஒட்டியிருப்பர். ஆள் நிறைய ஏறும்போது வேண்டிய அளவும் அதிலேயே இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.